காப்பி இந்த விலை விற்கும்போதும் எங்கள் பக்கம் ஏன் செடியைப் பிடுங்குகிறார்கள்?

#1 எருமாட்டுப்பையன்

எல்லோருக்கும் வணக்கம். நான் கோவையில் வேலை பார்க்கிறேன். ஊர் பந்தலூர் தாலுகா, எருமாடு பக்கம். கேரள எல்லை கூப்பிடு தூரம்தான், சந்தைக்கு சுல்தான் பத்தேரி. வீட்டுக்கு இரண்டரை ஏக்கர், எல்லாம் ரோபஸ்டா ரகக் காப்பி, நிழல் மரங்களில் கொஞ்சம் மிளகுக் கொடி. தாத்தா வைத்த செடிகள்.

2020 வாக்கில் உண்டக்காப்பி (தோலோடு காயவைத்த பழம்) கிலோ 70 ரூபாய்க்குக் கீழே கிடந்தது. 2024-ல் 200-ஐத் தாண்டிவிட்டது. லண்டன் சந்தையில் ரோபஸ்டா டன் 5,000 டாலருக்கு மேல் போனதும் அந்த வருடம்தான். சரி, இனிமேல் யாரும் காப்பியை விடமாட்டார்கள் என்று பார்த்தால், பக்கத்துத் தோட்டத்தில் ஜேசிபி நிற்கிறது. அரை ஏக்கர் காப்பியை வேரோடு தள்ளிவிட்டுப் பாக்குக் கன்று வைக்கிறார்கள். அவருக்கு மேல்புறத்துக்காரர் முன்பே தேயிலைக்குப் போய்விட்டார். இப்போது அப்பாவும் "பாதியை எடுத்துடலாமா" என்று கேட்கிறார்.

விலை இல்லாதபோது விட்டால் புரிகிறது. விலை இருக்கும்போது விடுவதற்கு என்ன காரணம்? தோட்டம் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். விவசாயமே நஷ்டம் என்ற பொதுப்பேச்சு வேண்டாம், அதை டீக்கடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

#2 கணக்குப்புலி

இதில் மர்மம் எதுவும் இல்லை நண்பரே. ஏறின விலையைப் பார்த்து யாரும் பயிரை முடிவு செய்வதில்லை. விழுந்த விலை மனதில் நிற்கும், அதுதான் முடிவு செய்யும்.

1989 ஜூலை வரை சர்வதேச காப்பி ஒப்பந்தம் என்று ஒன்று நடைமுறையில் இருந்தது. ஏற்றுமதி செய்யும் நாடுகளுக்குக் கோட்டா. அதனால் விலை ஓரளவுக்குக் கீழே போகாமல் நின்றது. அது உடைந்ததும் பிடிமானம் போய்விட்டது. நம் நாட்டில் 1942 சட்டப்படி விளைந்த காப்பியைக் காப்பி போர்டின் பொதுத் தொகுப்புக்குத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. 90களில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, 1996-ல் முழுக்கச் சந்தை கையில் விட்டார்கள். முதலில் எல்லோருக்கும் கொண்டாட்டம்தான், ஏனென்றால் 1994-ல் பிரேசிலில் உறைபனி அடித்து விலை எகிறியிருந்தது. அப்புறம் வியட்நாம் மளமளவென்று ரோபஸ்டா நட்டு உலகில் இரண்டாம் இடத்துக்கு வந்தது. 2001-ல் விலை அதலபாதாளம். அதே காலத்தில் மிளகும் விழுந்தது. வயநாட்டில் எத்தனை குடும்பம் கடனில் அழிந்தது என்று எருமாட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2006-ல் பிரதமரின் நிவாரணத் திட்டத்தில் கேரளத்திலிருந்து சேர்த்த மூன்று மாவட்டங்களில் வயநாடும் ஒன்று.

அந்த அடியை வாங்கிய ஆட்கள்தான் இன்றும் தோட்டத்தை வைத்திருக்கிறார்கள். 200 ரூபாயைப் பார்த்தாலும் 'இது எத்தனை நாளைக்கு' என்றுதான் கேட்பார்கள்.

#3 கொழுந்துக்காரர்

கணக்குப்புலி சார் சொன்ன சரித்திரம் சரி. ஆனால் என் வீட்டில் காப்பியை எடுத்தபோது வியட்நாமைப் பற்றி யாரும் பேசவில்லை. ஜூன் மாதத்தைப் பற்றித்தான் பேசினோம்.

தம்பி, காப்பிக்குப் பணம் வருடத்தில் ஒரே தடவை. ஜனவரி, பிப்ரவரியில் பழம் பறித்து, களத்தில் காயவைத்து, மார்ச்சில் விற்பாய். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் அந்தப் பணம் பாதி இருக்கும். ஆடி மழையில் வேலையும் இல்லை, பணமும் இல்லை. அப்போது போய் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவாய். வாங்கினால் அடுத்த விளைச்சல் அவருடையது.

தேயிலையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொழுந்து எடுக்கலாம். விலை மட்டம்தான், ஆனால் மாதம் பிறந்தால் ஃபாக்டரியிலிருந்து ஏதோ ஒரு தொகை வருகிறது. மளிகைக்கடைக்காரர் அதை நம்பி சாமான் கொடுக்கிறார். எங்கள் குடும்பம் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து வந்தது. கூடலூர், பந்தலூர் முழுக்க அப்படி வந்தவர்கள் ஏராளம். எங்களுக்குக் கைக்குத் தெரிந்த வேலையும் தேயிலைதான். அதனால் 90களில் காப்பியைப் பிடுங்கித் தேயிலை வைக்க யோசிக்கவே இல்லை.

அதிலும் நன்றாக அடி வாங்கினோம், மறைக்கவில்லை. ரஷ்யாக்காரர்கள் வாங்குவது குறைந்து, 2000 வாக்கில் பச்சை இலை கிலோ 5 ரூபாய் பக்கம் வந்தது. உரம் வாங்கின காசுகூடத் திரும்பவில்லை. ஆனாலும் யாரும் மறுபடி காப்பி வைக்கவில்லை பாருங்கள். ஏனென்றால் காப்பி வைத்தால் நாலு வருடம் வெறும் வாயை மெல்ல வேண்டும்.

#4 பரிப்புக்கடை

வணக்கம். நான் பட்டவயல் பக்கம் காப்பி, மிளகு வாங்குபவன். வியாபாரி என்றதும் கல்லெறியக் காத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

எருமாட்டுத் தம்பி சொல்லும் 200 ரூபாய் உண்மைதான். ஆனால் அது யார் கைக்குப் போனது? சிறு தோட்டக்காரர்களில் பெரும்பாலானோர் களத்திலிருந்து நேராக என் கடைக்குக் கொண்டுவருவார்கள். இருப்பு வைக்க இடமில்லை, கடன் கழுத்தில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் விற்றவர், ஏப்ரலில் பேப்பரில் விலையைப் பார்த்து வயிறெரிந்ததுதான் மிச்சம். மூட்டை அடுக்கிவைக்கக் குடோன் உள்ள பெரிய தோட்டக்காரர்தான் உச்ச விலையைப் பார்த்தார்.

இன்னொன்று. எங்கள் பக்கம் உண்டக்காப்பிக்கு மூட்டை என்றால் 54 கிலோ. குத்திப் பரிப்பு (தோல் நீக்கிய கொட்டை) எடுத்தால் பாதிக்குச் சற்று மேலே தேறும். சரியாகக் காயாத சரக்கு, துளை விழுந்த சரக்கு என்றால் அதுவும் தேறாது. ஒரு பிடி எடுத்துக் குலுக்கினால் சத்தத்திலேயே ஈரம் தெரிந்துவிடும், மீட்டர் அப்புறம்தான். சிறு தோட்டத்துச் சரக்கில் ஈரம் அதிகம். தார்ப்பாய் விரித்து வீட்டு முற்றத்தில் காயவைக்கிறார்கள், நடுவில் ஒரு மழை வந்தால் கறுத்துப் போகிறது. அதற்கு விலை குறைத்தால் நான் கெட்டவன்.

#5 எருமாட்டுப்பையன்

பரிப்புக்கடை அண்ணே, உங்களைச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் அப்பாவுக்கு ஒரு கடையில் மூட்டைக்கு இரண்டு கிலோ "சாக்கு, தூசி" என்று கழித்தார்கள். சாக்கு அவ்வளவு எடையா அண்ணே?

#6 பரிப்புக்கடை

இல்லை தம்பி. அவ்வளவு இல்லை. வேறு கடையில் போடச் சொல்லுங்கள்.

#7 பறிக்கூடை

இவ்வளவு நேரம் பேசினீர்கள், பறிக்கிற ஆளைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. நான் பேசுகிறேன்.

நானும் எங்கள் தெருப் பெண்களும் ஜனவரியில் காப்பி பறிக்கப் போவோம். அரபிக்கா ரகம் சின்னச் செடி, பழம் தானாக உருண்டு வரும். ரோபஸ்டா அப்படியில்லை. காம்பு கெட்டியாக இருக்கும், உருவினால் விரல் நகம் எல்லாம் போய்விடும். அதிலும் தாத்தா காலத்துச் செடி என்றால் மரம் மாதிரி உயரம். கொம்பை வளைத்துப் பிடிக்க ஒரு ஆள், பறிக்க ஒரு ஆள். கிலோ கணக்கில் கூலி என்றால் அந்தத் தோட்டத்தில் எங்களுக்குக் கட்டாது. கிளையில் இலைகளைச் சேர்த்து முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கும், கையில் ஏறினால் நெருப்புதான். காலையில் யானை நின்றிருந்தால் பத்து மணி வரை தோட்டத்துக்குள் போக முடியாது. அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது.

அப்புறம் எல்லைக்கு அந்தப் பக்கம் கூலி நூறு, நூற்றைம்பது கூட. ஜீப் அனுப்பிக் கூட்டிப்போகிறார்கள். பழம் எல்லா இடத்திலும் ஒரே மாதத்தில்தான் பழுக்கிறது. நாங்கள் எங்கே போவோம்? கூட வருகிற இடத்துக்குத்தான் போவோம். இரண்டரை ஏக்கர்க்காரர் 'அக்கா ஒரு வாரம் வாங்க' என்று கூப்பிடுகிறார், வயநாட்டில் பெரிய தோட்டத்தில் ஒன்றரை மாத வேலை. பாவமாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே.

#8 கங்காணி_பேரன்

பறிக்கூடை அக்கா சொன்னதிலிருந்துதான் பூச்சிக் கதை தொடங்குகிறது.

காப்பிக் காய்த் துளைப்பான் இந்தியாவில் முதலில் தென்பட்டது எங்கே தெரியுமா? நம் கூடலூரில்தான், 1990-ல். எள்ளளவு கறுப்பு வண்டு. காயின் நுனியில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு உள்ளே போய், பரிப்புக்குள் முட்டையிட்டுக் குடும்பம் நடத்தும். மருந்து அடித்தால் உள்ளே இருப்பதற்குப் போய்ச் சேராது. அதற்கு முக்கிய வைத்தியம் சுத்தம்தான்: செடியில் ஒரு பழம் பாக்கி இல்லாமல் பறிக்க வேண்டும், கீழே சிந்தியதைப் பொறுக்க வேண்டும். விட்டுப்போன காய்ந்த காயில்தான் அது அடுத்த பருவம் வரை உயிரோடு இருக்கும்.

இப்போது யோசியுங்கள். ஆள் கிடைக்காமல் கால்வாசிப் பழம் செடியிலேயே காய்கிறது. சிந்தினதைப் பொறுக்க யாருக்குக் கூலி கொடுப்பது? அடுத்த வருடம் துளை இரட்டிப்பு. பரிப்புக்கடைக்காரர் விலை குறைக்கிறார். விலை குறைந்ததால் அடுத்த பறிப்புக்கு இன்னும் குறைவாக ஆள் வைக்கிறோம். இந்தச் சுற்றில் மாட்டின தோட்டம் மூன்று நாலு வருடத்தில் கைவிட்ட தோட்டம் ஆகிவிடும். பக்கத்தில் ஒருவர் அப்படிக் கைவிட்டால், சுத்தமாக வைத்திருக்கும் நமக்கும் அங்கிருந்து வண்டு வரும். எருமாட்டுத் தம்பியின் இருபக்கத்துக்காரர்களும் போய்விட்டார்கள் என்றால் அப்பா யோசிப்பதில் ஆச்சரியமே இல்லை.

#9 ஏலமலை

போடியிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குத் தோட்டம் மேலே சாந்தன்பாறை பக்கம், இடுக்கி மாவட்டம். போடிமெட்டு ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் தமிழ் பேசும் தோட்டக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறோம்.

எங்கள் மலையில் காப்பியை விழுங்கியது ஏலக்காய். முன்பு ஏலத்தோட்டத்து ஓரத்திலும் மேட்டுப் பகுதியிலும் காப்பி இருந்தது. ஞள்ளானி ரகம் வந்த பிறகு ஏலத்தின் கணக்கே மாறிப்போனது, பழைய ரகத்தைப் போலப் பல மடங்கு காய்த்தது. ஏலத்தில் ஆறேழு சுற்று காய் எடுக்கலாம். ஸ்டோரில் உலர்த்தி போடிக்கோ புற்றடிக்கோ ஏல விற்பனைக்கு அனுப்பினால் சில வாரத்தில் பணம். 2019 ஆகஸ்டில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய் போனது. அதைக் கேட்ட பிறகு யார் காப்பியைப் பார்ப்பார்கள்? இருந்த காப்பியையும் வெட்டி ஏலத்தட்டை வைத்தார்கள்.

ஆனால் அந்த 7,000 ஏன் வந்தது? 2018 வெள்ளத்தில் செடி அழுகிப் போனது, அடுத்த கோடையில் மிச்சமும் காய்ந்தது, சரக்கே இல்லை. அதைப் பார்த்து நட்டவர்கள் காய் எடுக்கும்போது விலை ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஏலத்துக்கு மருந்துச் செலவு சொல்லி மாளாது. 2024 கோடையில் வெயில் தாங்காமல் ஏக்கர் ஏக்கராகக் கருகியது. எங்கள் தோட்டத்து வேலியோரக் காப்பி மட்டும் ஒன்றும் ஆகாமல் நின்றது. இப்போது அதற்கு மரியாதை கூடியிருக்கிறது, சிலர் ஓரத்தில் புதிதாக நடவும் செய்கிறார்கள்.

#10 கணக்குப்புலி

கொழுந்துக்காரர் ஐயா சொன்ன மாதவருமானம், ஏலமலை சொன்ன சுற்றுக்குச் சுற்று பணம், எல்லாம் ஏற்கிறேன். ஆனால் தம்பியின் பக்கத்துத் தோட்டத்தில் வைப்பது பாக்கு. பாக்கு காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும், காப்பியைவிடக் கூடுதல் காத்திருப்பு. வயநாட்டில் மஞ்சள் இலை நோய் வேறு பாக்கைத் தின்றிருக்கிறது. பணம் சீக்கிரம் வேண்டும் என்பவர் ஏன் பாக்கு வைக்கிறார்? உங்கள் விளக்கம் இங்கே இடிக்கிறது.

#11 கொழுந்துக்காரர்

அந்தத் தோட்டத்தில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று தம்பியிடம் கேளுங்கள்.

#12 எருமாட்டுப்பையன்

பெரியவரும் அவர் மனைவியும் மட்டும். மகன் துபாயில், மகள் கோழிக்கோட்டில்.

#13 கொழுந்துக்காரர்

அவ்வளவுதான். பாக்குக்கு வருடத்தில் சில தடவை மரம் ஏறத் தெரிந்த ஒரு ஆள் போதும். குலையை வெட்டிப் போட்டு, மொத்தமாகப் பேசி விற்றுவிடலாம். காப்பிக்குக் கவாத்து எடுக்க வேண்டும், சிம்பு ஒடிக்க வேண்டும், களை வெட்ட வேண்டும், நிழல் மரத்துக் கிளை கழிக்க வேண்டும், பறிப்புக்கு ஒரே நேரத்தில் பத்துப் பேர் வேண்டும், காய்ந்துகொண்டிருக்கும் களத்துக்குக் காவல் வேண்டும். வீட்டில் நாலு கை இருந்தால் காப்பி. இரண்டு கை, அதுவும் வயதான கை என்றால் பாக்கு. என் வீட்டில் பெண்கள் ஐந்து பேர் கொழுந்து எடுக்க இருந்தார்கள், தேயிலை கட்டியது. இப்போது மருமகள்கள் திருப்பூர் போய்விட்டார்கள், எனக்கும் தேயிலை கட்டவில்லை. அடுத்து நானும் பாக்குதான் போல.

#14 தாண்டிக்குடி_நிழல்

கொஞ்சம் தள்ளி, கீழ்ப்பழனி மலையிலிருந்து. எங்கள் பக்கம் அரபிக்கா, எனவே கதை வேறு. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், எல்லைப் பக்கத்திலும் அரபிக்கா வைத்தவர்களுக்கு ஆகும்.

காப்பிக்கு விலை விழுந்த வருடங்களில் கைச்செலவுக்கு எங்கள் ஆட்கள் விற்றது சில்வர் ஓக் மரத்தை. லாரி லாரியாகப் போனது. நிழல் போனதும் தண்டில் வெயில் நேராக விழுந்தது. வெள்ளைத் தண்டு துளைப்பான் வண்டுக்கு அதுதான் வேண்டும், வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். புழு உள்ளே போய்ச் சுரங்கம் வெட்டும். வெளியே இலை மஞ்சளாகும்போது உள்ளே எல்லாம் முடிந்திருக்கும். பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. பால்காரர் மாட்டை விற்றுத் தீவனம் வாங்கின கதைதான். ஏக்கருக்கு ஆயிரம் செடி இருந்த இடத்தில் முந்நூறு நிற்கும். அப்புறம் பட்டர் ஃப்ரூட் வைத்தார்கள், ஆரஞ்சு வைத்தார்கள், இன்னும் சிலர் பெங்களூர்க்காரருக்கு நிலத்தையே விற்றார்கள். அங்கே இப்போது காட்டேஜ். 'காப்பித் தோட்டத்துக்குள் தங்குங்கள்' என்று போர்டு. அந்தக் காட்டேஜில் கொடுப்பது இன்ஸ்டன்ட் காப்பி, அதை யாரிடம் சொல்வது.

மலைவாழைக்கு முடிக்கொத்து நோய் வந்து போன பிறகு இங்கே காப்பிதான் கைகொடுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழி முழுக்கக் காப்பி மேல் போட வேண்டாம்.

#15 நெறியாளர்

காட்டேஜ் விளம்பர இணைப்புகள் இரண்டை நீக்கியிருக்கிறேன். இழை காப்பியோடு இருக்கட்டும்.

#16 பட்டா_எப்போது

எல்லோரும் சுற்றி வருகிறீர்கள். கூடலூர், பந்தலூரில் காப்பி போவதற்கு நிலப் பிரச்சினையைத் தொடாமல் பேசினால் அது பேச்சே இல்லை.

ஜென்ம நில (ஜமீன் மாதிரியான பழைய பரம்பரை நிலவுடைமை) ஒழிப்புச் சட்டம் 1969-ல் வந்தது. அதில் 17-ஆம் பிரிவில் மாட்டிய நிலம் ஏராளம். அது அரசு நிலமா, வன நிலமா, குடியிருப்பவன் நிலமா என்று தலைமுறை தாண்டி வழக்கும் பேச்சும் நடக்கின்றன. பட்டா இல்லை. பட்டா இல்லாவிட்டால் பேங்கில் பயிர்க்கடன் கிடையாது. மறுநடவுக்குப் போர்டு தரும் மானியத்துக்கும் நிலத்துக் காகிதம் கேட்பார்கள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதது இதுதான்: அந்த நிலத்தில் கரண்ட் கனெக்‌ஷனும் எளிதில் கிடைக்காது.

கரண்டுக்கும் காப்பிக்கும் என்ன என்று கேட்பீர்கள். ரோபஸ்டா மொட்டு பிப்ரவரி, மார்ச்சில் ஒரு நல்ல மழைக்காகக் காத்து நிற்கும். மழை பெய்தால் ஒரு வாரம், பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகப் பூக்கும். அந்தப் பூ விழுந்து மூன்று வாரத்துக்குள் இன்னொரு மழை வேண்டும், இல்லாவிட்டால் பிஞ்சு கருகும். முன்பு இரண்டும் ஏறக்குறைய முறையாக வந்தன. இப்போது முதல் மழை பாதி பெய்து ஏமாற்றும், அல்லது பூத்த அன்றே கொட்டி மகரந்தத்தை அடித்துக்கொண்டு போகும். எல்லைக்கு அந்தப் பக்கம் பட்டாவும் கரண்டும் உள்ளவன் குளத்தில் மோட்டார் போட்டு ஸ்பிரிங்க்ளரில் மழையைத் தானே பெய்ய வைக்கிறான். நாங்கள் வானத்தைப் பார்க்கிறோம். டீசல் பம்பு வைக்கலாம், இரண்டு ஏக்கருக்கு அதை வாங்கினால் காப்பி குடித்துத்தான் கடனைக் கழிக்க வேண்டும்.

2024-ல் விலை உச்சம் என்கிறீர்கள். அந்தக் கோடையில் எங்கள் செடியில் எத்தனை பழம் நின்றது? கிலோ 200 ரூபாய் என்பது இருநூறு கிலோ உள்ளவனுக்கும் ஆயிரம் கிலோ உள்ளவனுக்கும் ஒரே செய்தி இல்லை.

#17 எருமாட்டுப்பையன்

அண்ணே, எங்களுடையதும் 17-ஆம் பிரிவுதான். வீட்டில் கரண்ட் உண்டு, பக்கத்தில் தாத்தா பெயரில் உள்ள துண்டு நிலத்தில் வீடு இருப்பதால். தோட்டத்துக்கு இல்லை.

அப்பாவின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். நல்ல வருடத்தில் ஏக்கருக்கு முந்நூற்றைம்பது கிலோ பரிப்பு, மோசமான வருடத்தில் அதில் பாதிகூட இல்லை. மோசமான வருடங்கள்தான் இப்போது அதிகம். பழைய விலையில் கிலோ நூறு, நூற்றுப்பத்து என்று வைத்தால், நல்ல வருடத்திலேயே ஏக்கருக்கு முப்பத்தைந்து நாற்பதாயிரம் வரும். அதில் பறிப்புக் கூலியே மூன்றில் ஒரு பங்குக்கு மேல். உரம், களை, கவாத்து போக அப்பாவின் சொந்த உழைப்புக்கு எதுவும் மிஞ்சவில்லை. இப்போதைய விலையில் நன்றாக மிஞ்சுகிறது. ஆனால் 'நான் இருக்கும்வரை பார்த்துக்கொள்வேன், அப்புறம் நீ வருவாயா' என்று கேட்கிறார். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

#18 கணக்குப்புலி

வருவாயா?

#19 எருமாட்டுப்பையன்

மாதத்தில் இரண்டு சனி, ஞாயிறு வரலாம். அதற்கு மேல் சொன்னால் பொய்.

#20 கங்காணி_பேரன்

அப்படியென்றால் பிடுங்க வேண்டாம், ஆனால் இப்படியே வைத்திருக்கவும் வேண்டாம். நான் கேள்விப்பட்டதை இல்லை, செய்வதைச் சொல்கிறேன்.

தாத்தா காலத்து ரோபஸ்டாவில் வேர் இன்னும் அருமையாக இருக்கும், மேலேதான் கிழடு. பறிப்பு முடிந்ததும் கால்வாசிச் செடிகளை மட்டும் அடியில் ஒரு அடி விட்டு அறுத்துவிடுங்கள். கோடை மழைக்குத் துளிர் கிளம்பும். நல்ல துளிர் இரண்டை விட்டுவிட்டு, அதில் சி இன்டு ஆர் (ரோபஸ்டா கலப்பு) ரகத்து ஒட்டுக் கட்டலாம். சுண்டேல் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டால் ஒட்டுக் குச்சிக்கு வழி சொல்வார்கள். புதுக் கன்று வைத்து நாலு வருடம் காத்திருப்பதற்கு இது இரண்டு மூன்று வருடத்தில் காய்க்கும். முக்கியமாக, செடி குட்டையாக நிற்கும், தரையில் நின்றே பறிக்கலாம். பறிக்கூடை அக்கா மாதிரி ஆட்கள் அந்தத் தோட்டத்துக்கு வரச் சம்மதிப்பார்கள். ஒரே வருடத்தில் மொத்தத்தையும் அறுத்துவிட்டு வருமானம் இல்லாமல் உட்காராதீர்கள்.

நிழல் மரம் ஒவ்வொன்றிலும் மிளகு ஏற்றுங்கள். வாட்ட நோய்க்கு மழைக்கு முன்னால் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து) அடித்து, அடியில் தண்ணீர் நிற்காமல் பார்த்தால் போதும். மிளகுக்கும் காப்பிக்கும் விலை ஒரே வருடத்தில் விழுவது அபூர்வம்.

#21 கொழுந்துக்காரர்

2001-ல் விழுந்தது.

#22 கங்காணி_பேரன்

விழுந்தது ஐயா. அதனால்தான் அபூர்வம் என்றேன்.

#23 பட்டா_எப்போது

ஒட்டுக் கட்டுவது சரி. பூப்பதற்குத் தண்ணீர்? அதை விட்டுவிட்டீர்களே.

#24 ஏலமலை

எங்கள் பக்கம் ஏலத்துக்குச் செய்வதைச் சொல்கிறேன். மேட்டில் பிளாஸ்டிக் விரித்த குட்டை, மழைக்காலத்தில் நிறைத்து வைத்துவிடுவோம். மேட்டில் இருப்பதால் கீழே இறங்கப் பம்பு வேண்டாம், ஓஸ் போட்டாலே வேகம் வரும். இரண்டரை ஏக்கர் முழுக்க ஸ்பிரிங்க்ளர் ஓட்ட அது போதாது. ஆனால் ஒட்டுக் கட்டிய கால்வாசிக்கு மட்டும் மார்ச்சில் இரண்டு தடவை நனைத்தால் பூ நிற்கும். டீசல் பம்பை மூன்று நாலு பேர் சேர்ந்து வாங்குவதும் உண்டு, யாருக்கு முதலில் என்ற சண்டையோடு சேர்த்து.

#25 எருமாட்டுப்பையன்

வீட்டில் படித்துக் காட்டினேன். கால்வாசி அறுப்பதற்கு அப்பா சம்மதம். பாக்கைப் பற்றியும் பேச்சு வந்தது, ஓரத்தில் மட்டும் ஐம்பது கன்று வைப்பதாக முடிவு. அம்மாவுக்கு அதிலும் திருப்தி இல்லை, மாட்டுக்குப் புல் எங்கே என்கிறார். குட்டைக்கு இடம் மேல்புறத்தில் இருக்கிறது, ஆனால் அங்கேதான் யானை இறங்கும் வழி. தண்ணீரைக் கண்டால் அங்கேயே நிற்குமா என்று யாராவது சொல்லுங்கள்.

#26 ஏலமலை

நிற்கும். வீட்டுப் பக்கமாகத் தள்ளி வெட்டுங்கள், அழுத்தம் குறைந்தாலும் பரவாயில்லை.

#27 பறிக்கூடை

தம்பி, ஜனவரிப் பறிப்புக்கு ஆள் வேண்டுமென்றால் டிசம்பர் முதல் வாரமே அப்பாவைச் சொல்லச் சொல்லுங்கள். பொங்கலுக்கு அப்புறம் கூப்பிட்டால் நாங்கள் எல்லாம் பத்தேரிப் பக்கம் போயிருப்போம். கூலி அங்கே கொடுப்பதையே கொடுக்க வேண்டும், அதையும் சொல்லிவிடுங்கள்.